திசை சொல்லும் குரல்

மகனே,

உன் பெயரை இந்த முறை எழுதவில்லை. போன முறை ஒரு கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆகவே இதை வாசிக்கிறவர்களுக்கு நீ யாரோ ஒரு மகன், நான் யாரோ ஒரு தாய். ஆனால் இதை உன் போனுக்கு மட்டும் அனுப்பவும் எனக்கு மனமில்லை. முதல் இரண்டு வரியைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு? அதோடு, வருகிற சனிக்கிழமை கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கண்டிக்கு பஸ் ஏற்றி அனுப்பப்போகிற தாய்மாருக்கும் இது தெரிய வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஒரு சோதனைக்குப் போகிறார்கள். அதில் தோற்றால், அவர்களுடைய காலில்தான் குறை என்று வீட்டுக்கு வந்து சொல்வார்கள். வீட்டில் உள்ளவர்களும் நம்பிவிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது ரோல்ஸ் வாங்கி வந்தாய். நல்ல செய்தி இருந்தால்தான் நீ கடையில் எதையாவது வாங்குவாய். கண்டியில் அறை எடுத்துப் போனதிலிருந்து உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. "மாகாண றக்பி அணிக்கு சனிக்கிழமை செலெக்ஷன். ஓட்டச் சோதனையில குரல் குடுக்கப் போறது நான்தான். நம்ம ஆள்கள்ல ஒருத்தன வச்சிருக்காங்கம்மா, மொதத் தடவ" என்றாய். உன் அப்பாவுக்குச் சந்தோஷம் வந்தால் கிண்டல்தான் வரும். "அப்போ கத்துறதுக்குச் சம்பளமா? நான் ஸ்கூல் வேன்ல தெனமும் சும்மாவே கத்துறேனே" என்றார். நீ சிரித்தாய். நானும் சிரித்திருக்கலாம். ஆனால் என் வாய் கேட்டுவிட்டது: "எந்த பாஷையில கத்துவ?"

நீ கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தாய். "சோதனை விதியில எழுதியிருக்கிற மாதிரித்தான்."

"கையையும் சேர்த்துக் காட்டேன். கத்தும்போதே கைய நீட்டினா யாருக்கு என்ன நட்டம்?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கூப்பிடணும்மா. அதுதான் நியாயம். சோதனைன்னா அப்படித்தான்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க?" என்று எழும்பிப் போய்க் கையைக் கழுவினாய். மிச்ச ரோல்ஸை உன் அப்பா சாப்பிட்டார்.

ஆம், நான்தான் சொல்லித் தந்தேன். அந்தச் சோதனை பிறந்த இடத்தில் நான் இருந்தேன். உன் பள்ளிக்கூடக் காலத்தின் கடைசி வருடங்களில் நான் ஓர் உடற்கல்வி ஆய்வுக் குழுவில் தற்காலிக உதவியாளராக வேலை செய்தேன். விளையாட்டு வீரனின் அஜிலிட்டியை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிரே நடப்பதைப் பார்த்தோ கேட்டோ சட்டென்று திசை மாற்றுகிற திறமையை, அளக்க ஒரு புதிய சோதனை செய்வது எங்கள் வேலை. வெறும் வேகத்தை அளப்பது இலகு. நேராக ஓடவிட்டால் போதும். கோன்களை வளைவாக வைத்து ஓடவிடுவதும் இலகு. ஆனால் பாதை முன்பே தெரிந்தால் பையன் மனப்பாடம் செய்துவிட்டு ஓடுவான். ஆட்டத்தில் யாரும் பாதையை முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே எங்கள் சோதனையில் பையன் ஓடி வந்து ஒரு கோட்டைத் தாண்டும்போது, எதிரே நிற்கிறவர் இடமா வலமா என்று கத்துவார். அந்தப் பக்கம் திரும்பி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஓடிக் கடக்க வேண்டும். கம்பத்திலுள்ள கருவி நேரத்தைப் பதியும். வெளிநாட்டில் இதற்கு விளக்கு வைக்கிறார்களாம். எங்களுக்கு விளக்கு வாங்க அனுமதி வரவில்லை. அதனால் குரல். குரல் சிங்களத்தில். வமட என்றால் இடது பக்கம், தகுணட என்றால் வலது பக்கம். கண்டியில் மைதானம் என்றால் சிங்களம்தானே என்று யாரும் அதை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒரு சோதனையைச் செய்துவிட்டால் மட்டும் போதாது, அந்தச் சோதனையையே சோதிக்க வேண்டும். அதே பையன் வேறொரு நாள் ஓடினாலும் ஏறக்குறைய அதே முடிவு வருகிறதா என்பது முதல் கேள்வி. அது நம்பகம். அளக்கிறேன் என்று சொல்வதைத்தான் உண்மையில் அளக்கிறதா என்பது இரண்டாவது. அது ஏற்புடைமை. முதல் கேள்வியில் எங்கள் சோதனை அழகாகத் தேறியது. தேறாமல் என்ன செய்யும்? கோணல் தராசும் காலையில் காட்டிய கோணலைத்தான் மாலையிலும் காட்டும். மெதுவாகத் திரும்பிய பிள்ளைகள் திரும்பத் திரும்ப மெதுவாகவே திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் என்பதை நான் கண்டபோது, பதற்றமாக இருக்கும், சாப்பாடு போதாமல் இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் காரணங்களை நாம் எவ்வளவு சுலபமாக எடுத்துப் பேசுகிறோம் பார்.

அந்தப் பிள்ளைகளில் நீயும் ஒருவன். உன் பள்ளிக்கூட அணியும் சோதனைக்கு வந்திருந்தது. சோதனை சரிதானா என்று இன்னும் முடிவாகாத நேரம் அது. ஆனால் உங்கள் பயிற்சியாளர் முடிவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், அதை வைத்தே அணியிலிருந்து ஆட்களைக் கழித்துவிட்டார். வேகவைத்துப் பார்க்காத அரிசியைப் பந்தியில் போட்ட மாதிரி. நீ விங்கில், ஓரக்கோட்டை ஒட்டி ஓடுகிற இடத்தில், விளையாடியவன். உன்னைப் பிடிக்க வந்தவனைப் புல்லில் விழவைத்துவிட்டு ஓடுவாய்; வேலிக்கு வெளியே நின்று நான் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த வருடம் நீ தண்ணீர்ப் போத்தல் தூக்கினாய்.

உனக்கு ஒரு நாள் ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. பிலிமத்தலாவைச் சந்தியில் கண்டி பஸ் கிளம்பிவிட்டது. நாம் ரோட்டின் இந்தப் பக்கம். ஓடினால் பிடித்துவிடலாம், அதைவிடத் தூரத்திலிருந்து நீ எத்தனையோ தடவை பிடித்திருக்கிறாய். "ஓடுடா" என்றேன். நீ நின்ற இடத்திலேயே நின்றாய். பஸ் போனது. "நான் ஸ்லோம்மா" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ரத்த வகை சொல்கிற மாதிரி, விளையாட்டுக்குக்கூட இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாய்.

அதற்குக் கொஞ்ச நாளைக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. வழக்கமாகக் குரல் கொடுக்கிற சிங்களப் பையனுக்கு, நல்ல பிள்ளை அவன், தடிமன் பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது. கலஹாவிலிருந்து ஒரு தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் இரண்டாம் தடவை ஓட வந்து வரிசையில் நிற்கிறார்கள். திருப்பி அனுப்ப முடியாது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு கையை மட்டும் நீட்டினான். இடப் பக்கம் ஒரு கை, வலப் பக்கம் ஒரு கை. முதல் தடவை குரலுக்கு ஓடித் தடுமாறிய அதே பிள்ளைகள் அன்று ஓடின ஓட்டத்தை அவன் வாய் பிளந்து பார்த்தான். என்னிடம் வந்து, இருக்கிற கொஞ்சக் குரலில், "அக்கே, இன்றைக்கு இவங்களுக்கு என்ன கொடுத்தீங்க, பறக்கிறாங்களே?" என்று சிங்களத்தில் கேட்டான். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. அவன்தான் ஒன்றை எடுத்துவிட்டிருந்தான்.

அங்கே நின்றுகொண்டே எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது என் பிறப்புச் சான்றிதழ் விஷயமாக அவர் என்னைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனார். இலக்கத் துண்டைக் கையில் பிடித்தபடி மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். இலக்கத்தைச் சிங்களத்தில் கூப்பிட்டார்கள். அப்பாவுக்குச் சிங்களத்தில் எண்ணத் தெரியும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தெரியும். ஆனால் காதில் விழுந்த எண் அவருடைய எண்ணாக மாற ஒரு கணம் வேண்டும். அவர் துண்டைப் பார்த்து, எழும்பி, வேட்டியைச் சரிசெய்வதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஜன்னலில் இருந்தவன் கேட்டான்: "என்ன, காது கேக்காதா?" பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். "ஆமாங்க மாத்தயா, கொஞ்சம் மந்தம்" என்றார். அவருடைய காதில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. எங்கள் தோட்டத்து லயத்தின் கடைசி வீட்டில் பாம்பு ஊர்ந்தாலும் அவருக்குத்தான் முதலில் கேட்கும். அன்று அவர் சிரித்தது எனக்கு இன்றுவரை எரிகிறது. இந்த நாட்டில் தோட்டத் தமிழரான எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்றார்கள், பிறகு உண்டு என்றார்கள். மொழிக்கு இடமில்லை என்றார்கள், பிறகு சட்டத்தில் உண்டு என்றார்கள். சட்டம் வந்து சேர்ந்த இடங்களிலெல்லாம் அந்த ஒரு கணம் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த ஒரு கணத்துக்குப் பெயர்தான் மந்தம்.

உனக்கும் சிங்களம் தெரியும். உன் அப்பாவைவிட நன்றாகப் பேசுவாய், அதில் பகிடி விடுவாய், காதலும் செய்திருப்பாய். உன் தலைக்குத் தெரியும். ஆனால் உன் கால் வேறு மொழியில் வளர்ந்த கால். கலஹாவில் இருந்த சின்ன வயதில் "அந்தப் பக்கம் போகாதே, பள்ளம்" என்று நான் கத்தினால் நீ என்னைத் திரும்பிப் பார்க்கவே மாட்டாய். கால் தானாக விலகும். கோட்டைத் தாண்டி முழு வேகத்தில் வருகிற பையனுக்கு வமட என்பது முதலில் தலைக்குப் போய்ப் பிறகுதான் காலுக்கு வருகிறது. கண் சிமிட்டும் நேரம்தான். எங்கள் சோதனை அளந்ததும் அந்தக் கண் சிமிட்டும் நேரத்தைத்தான்.

குழுத் தலைவரிடம் கேட்டுக் கைச் சைகையோடு முறையாகத் திரும்ப ஓடவிட்டோம். உன் அணியும் வந்தது, நீயும் ஓடினாய். நான் நினைத்தபடியே வந்தது: தமிழ்ப் பிள்ளைகளின் தாமதம் மறைந்திருந்தது. பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி கூட்டத்துக்குப் போனேன். தலைவர் யாழ்ப்பாணத்தவர், படித்த மனிதர், என்மேல் அன்பாகத்தான் இருந்தார். அதைச் சொல்லாவிட்டால் உனக்கு எல்லாம் சிங்களவர் தமிழர் கதையாகத் தெரியும். "ஓம் பிள்ளை, நீர் சொல்லுறது விளங்குது. ஆனா கையால காட்டின முடிவு பயிற்சியாளர்மாரின்ர தரவரிசையோட ஒத்துவரேல்லை. குரல் குடுத்தது வடிவா ஒத்து வருது. ஒத்துவராத ஒண்டை நான் எப்பிடி ஏற்புடையது எண்டு எழுதுறது?" என்றார்.

விஷயம் இதுதான். சோதனை உண்மையான திறமையைத்தான் அளக்கிறது என்று காட்ட, பயிற்சியாளர்கள் தங்கள் பையன்களைத் திறமைப்படி வரிசைப்படுத்தித் தந்திருந்தார்கள். அந்த வரிசையோடு ஒத்துப்போனால் சோதனை நல்ல சோதனை. "சார், அந்தப் பயிற்சியாளர்கள் மைதானத்தில எந்த பாஷையில கத்துறாங்க? கத்தினதும் திரும்புறவன்தானே அவங்களுக்குக் கெட்டிக்காரன்? அந்தக் கோணலோட இந்தக் கோணல் பொருந்துதுன்னுதானே நாம எழுதப் போறோம்?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். "ஒருத்தரை உதாரணம் சொல்லும் பாப்பம்" என்றார். அங்கேதான் உன் பெயரைச் சொன்னேன். என் கண்முன்னே பிறந்து என் கண்முன்னே ஓடுகிறவனைவிட எனக்கு வேறு யாரைத் தெரியும்? மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பிள்ளை, நீர் இப்ப ஆய்வாளரா கதைக்கிறீரா, தாயா கதைக்கிறீரா?" என்று கேட்டார் தலைவர். அதோடு கதை முடிந்தது. குரல் முறை ஏற்புடையது என்று எழுதினார்கள். என் வேலை நீடிக்கப்படவில்லை, வேலைத்திட்டம் முடிந்துவிட்டதாம். இன்றைக்கு டியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறேன், அது உனக்குத் தெரியும்.

கூட்டத்தில் சொன்னது கூட்டத்தோடு நிற்கவில்லை. உங்கள் பயிற்சியாளர் காதுக்குப் போய், அவர் வாயிலிருந்து அணிக்குப் போனது. "மச்சான், மெட்ச்சுக்கு அம்மாவையும் கூட்டிட்டு வா, டிரான்ஸ்லேட் பண்ண" என்று உன் கூட்டாளிமாரே கேட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து விளையாட்டுச் சப்பாத்தைக் கழற்றி அலுமாரிக்குக் கீழே தள்ளிவிட்டு, "எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ பந்தைத் தொடவில்லை. சோதனை உன்னை அணியிலிருந்து எடுத்தது. விளையாட்டிலிருந்தே எடுத்தது என் பேச்சு. இதை நான் மறைக்கவில்லை. பேசியதற்காக மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. இன்னொரு தடவை அந்த மேசைக்கு முன்னால் உட்காரவைத்தாலும் பேசுவேன். ஆனால் உன் பெயரைச் சொல்வதற்கு முன் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். வேறு உதாரணம் தேடியிருப்பேன், அல்லது வாயடைத்துப் போயிருப்பேன். இரண்டில் எது என்று எனக்கே தெரியாது.

இப்போது நீ அதே கோட்டுக்கு எதிரே நிற்கப்போகிறாய். உன் சிங்களம் சுத்தம், குரல் பெரியது, தமிழ்ப் பெயர் வேறு. தமிழ்ப் பையன்களைக் கழித்தார்கள் என்று நாளைக்கு யாராவது முனகினால், குரல் கொடுத்ததே தமிழன்தானே என்று சொல்லலாம். அதற்காகத்தான் உன்னை வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் நீ உதவுவாய். இதை எழுதும்போது உன் முகத்து வெளிச்சத்தை நான் அணைக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இன்னொரு தாயாக இருந்தால் உன் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பியிருப்பாள்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி என்றாய். ஒரே உயரத்துச் சுவரை எல்லார் வீட்டு வாசலிலும் கட்டிவிட்டு, உயரமானவன் எட்டிப் பார்த்ததும் நியாயம் என்று சொல்லலாம்தான். நீ அப்படிச் சொல்லக்கூடியவன் இல்லை, ஏனென்றால் நீ அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றவன். உன்னிடம் நான் புரட்சி கேட்கவில்லை. எழுதியிருக்கிறபடியே கத்து. கத்துகிற அதே நேரத்தில் கையை நீட்டு. எல்லாருக்கும் நீட்டு, சிங்களப் பையனுக்கும் நீட்டு, முஸ்லிம் பையனுக்கும் நீட்டு. அதுவும் ஒரே மாதிரிதான். பக்கத்தில் நிற்கிற அதிகாரி "கையை இறக்கு" என்பார். இறக்கினால் வேலை இருக்கும். இறக்காவிட்டால் அடுத்த செலெக்ஷனுக்கு வேறொருவனைக் கூப்பிடுவார்கள். அவனுக்கும் பெரிய குரல் இருக்கும். இதனால் உலகம் திருந்தும் என்று பொய் சொல்ல மாட்டேன். நான் பேசினேன், எதுவும் மாறவில்லை, அதே சோதனையை நீயே நடத்தப் போகிறாய். அவ்வளவுதான் என் பேச்சுக்குக் கிடைத்தது.

நீ கையை நீட்ட மாட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போதுதான் ஓரிடத்தில் காலூன்றுகிறாய். நிற்க இடம் கிடைத்தவனை ஓடு என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் யோசிக்கிறேன். நீட்டாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வா. உன் அப்பா கத்துகிற சம்பளம் எவ்வளவு என்று கேட்பார். நான் சோறு போடுவேன். மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன்.

ஆனால் சனிக்கிழமை நான் வருவேன். அதைத் தடுக்காதே. உன் பெயரைச் சொல்ல மாட்டேன், உன் தாய் என்று யாரிடமும் காட்டிக்கொள்ள மாட்டேன், வேலிக்கு வெளியே பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மாரோடு தாயாக நிற்பேன். கலஹாவிலிருந்து வந்த முதலாவது பையன் கோட்டை நோக்கி ஓடி வருவான். அவனுடைய கண் எங்கே இருக்கும் என்று உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, நீ அப்படி ஓடி வந்தவன். அவன் உன் வாயைப் பார்த்துக்கொண்டு வருவான்.

நான் உன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா